ஒரு பூஜ்யம் விட்டுப்போன கணக்கு



கிரிப்டோ நாணயங்களை ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுக்கும் செயலிகளில் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, அந்தக் கணக்கு எழுதப்பட்டிருக்கும் நிரலை ஏன் ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் என் மனைவி, "இதையெல்லாம் யார் உட்கார்ந்து கேட்பார்கள்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் இந்தச் செயலிகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவற்றை எழுதும் வேலையிலும் நம் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். ஆகவே பேசித்தான் ஆக வேண்டும். கிரிப்டோ வாங்கலாமா, வேண்டாமா என்பதைச் சொல்ல நான் வரவில்லை. அது வேறு விவாதம்.

முதலில் நம் ஊர்க் கதை ஒன்று. 2024 மார்ச் 1ஆம் தேதி நம் நாட்டில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் எல்லாச் சேவைகளுக்கும் உயரவில்லை. உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம் போன்றவற்றுக்கு 6 விழுக்காடே நீடித்தது. எனக்குத் தெரிந்த ஒரு சிறிய தங்கும் விடுதி இருக்கிறது. கீழே உணவகம், மேலே அறைகள். அங்கே கணக்கு நிரலைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞர், தாம் திறந்து வைத்திருந்த கோப்பில் 6 என்று எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் 8 என்று ஒரே கட்டளையில் மாற்றிவிட்டார். மறுநாள் காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டவருக்கு 8 விழுக்காடு வரி விழுந்தது. சரக்குப் பட்டியலில் "6 முட்டை" என்றிருந்த கட்டு "8 முட்டை" ஆகிவிட்டது. அறை வாடகைக்கு மட்டும் பழைய 6 விழுக்காடே விழுந்துகொண்டிருந்தது! காரணம், அந்த விகிதம் இன்னொரு கோப்பில் இருந்தது. அவர் அதைத் திறக்கவே இல்லை.

மாற்றக் கூடாத இடத்தில் மாற்றி, மாற்ற வேண்டிய இடத்தில் விட்டுவிட்டார். விடுதிக்காரர் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு, வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. இதே தவறு, திருப்பிக் கொடுக்கவே வழியில்லாத ஓர் இடத்தில் நடந்தால் என்ன ஆகும்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

அரிசியும் சீனியும் உள்ள கிடங்கு

மஸ்ஜித் இந்தியா பக்கம் போனால் நாணய மாற்றுக் கடைகளைப் பார்க்கிறோம். அங்கே ஒருவர் உட்கார்ந்திருப்பார். இன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார். கிரிப்டோ உலகில் 2018 நவம்பரில் தொடங்கப்பட்ட யூனிஸ்வாப் போன்ற செயலிகளில் அப்படி உட்கார்ந்திருக்கும் ஆள் கிடையாது, பலகையும் கிடையாது. இருப்பது ஒரு பொதுக் கிடங்கு மட்டுமே. அவர்கள் அதைக் குளம் என்கிறார்கள். பலர் தங்கள் நாணயங்களை அதில் போட்டு வைக்கிறார்கள். வருகிறவர் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டு போகிறார். எவ்வளவு போட்டால் எவ்வளவு எடுக்கலாம் என்பதை ஒரு நிரல் தானாகவே முடிவு செய்கிறது.

எளிமையாகச் சொல்ல, நாணயங்களுக்குப் பதில் அரிசியும் சீனியும் என்று வைத்துக்கொள்வோம். கிடங்கில் 1000 கிலோ அரிசியும் 1000 கிலோ சீனியும் இருக்கின்றன. இரண்டையும் பெருக்கினால் ஒரு மில்லியன். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பரிமாற்றத்துக்குப் பிறகு இந்தப் பெருக்குத்தொகை குறையக் கூடாது. ஒருவர் 100 கிலோ அரிசி கொண்டுவருகிறார். கட்டணம் 0.3 விழுக்காடு, அதாவது 300 கிராம். ஆகவே 99.7 கிலோ மட்டுமே கணக்கில் சேர்கிறது. 1099.7 கிலோவால் ஒரு மில்லியனை வகுத்தால் கிடங்கில் 909.34 கிலோ சீனி மீதமிருக்க வேண்டும் என்று வருகிறது. வந்தவருக்குக் கிடைப்பது 90.66 கிலோ. அந்த 300 கிராம் அரிசி கிடங்கிலேயே தங்கிவிடுகிறது. அதனால் உண்மையான பெருக்குத்தொகை ஒரு மில்லியனைவிட 270 சொச்சம் கூடியிருக்கும். கிடங்கில் சரக்கைப் போட்டு வைத்தவர்களுக்கு அதுதான் வருமானம்.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செயலிகள் பெரும்பாலும் சொலிடிட்டி என்ற கணினி மொழியில் எழுதப்படுகின்றன. அதில் தசமக் கணக்கு செய்ய முடியாது. முழு எண்கள் மட்டும்தான். ஆகவே 0.3 விழுக்காடு என்று நேரடியாக எழுத வழியில்லை. எல்லாவற்றையும் முதலில் ஆயிரத்தால் பெருக்கிவிட்டு, வந்த தொகையின் மூன்று மடங்கைக் கழிக்கிறார்கள். "ஆயிரத்துக்கு மூன்று" என்று நம் பெரியவர்கள் வட்டி பேசுவார்களே, அதே முறைதான்.

அடுத்தது இன்னும் முக்கியமானது. 2020 மே மாதம் வெளிவந்த யூனிஸ்வாப் இரண்டாம் பதிப்பில், கிடங்கின் நிரல் கேட்ட சரக்கை முதலில் கொடுத்துவிடும். அதன்பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும். எண்ணிக்கை சட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்றால் நடந்த முழுப் பரிமாற்றத்தையும் நடக்காததுபோல் ரத்து செய்துவிடும். அதாவது, வாசலில் ஒரே ஒரு காவலர். அந்தக் காவலர் ஒரே ஒரு வரி நிரல். இடப்பக்கம் பரிமாற்றத்துக்குப் பின் உள்ள பெருக்குத்தொகை, வலப்பக்கம் முன்பிருந்த பெருக்குத்தொகை. இடப்பக்கம் சிறியதாக இருந்தால் யாரும் எதையும் எடுத்துப்போக முடியாது.

யுரேனியம் ஃபைனான்ஸ்

யூனிஸ்வாப் இரண்டாம் பதிப்பின் நிரல் எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. உரிமத்தின்படி யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம். பலர் எடுத்தார்கள். 2021ஆம் ஆண்டில், அப்போது பைனான்ஸ் ஸ்மார்ட் செயின் என்று பெயர் பெற்றிருந்த சங்கிலியில், யுரேனியம் ஃபைனான்ஸ் என்ற செயலி அப்படித்தான் வந்தது. அவர்கள் கட்டணத்தை 0.16 விழுக்காடாக வைக்க விரும்பினார்கள். ஆயிரத்துக்கு 1.6 என்று எழுத முடியாது அல்லவா? தசமம் கிடையாதே. ஆகவே பத்தாயிரத்துக்கு 16 என்று மாற்றினார்கள். இதில் எந்தத் தவறும் இல்லை.

கிடங்கின் நிரலில் கட்டணத்தைச் சேர்ந்த ஆயிரம் மூன்று இடங்களில் வருகிறது. அரிசியைப் பெருக்கும் வரியில் ஒன்று, சீனியைப் பெருக்கும் வரியில் ஒன்று, மூன்றாவது காவலர் நிற்கும் வரியில். காவலர் வரியில் அது ஆயிரத்தின் வர்க்கமாக இருக்கும், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஆயிரத்தால் பெருக்கியதைச் சமன்செய்ய வேண்டும். முதல் இரண்டு இடங்களில் ஆயிரத்தைப் பத்தாயிரமாக மாற்றியவர், மூன்றாவது இடத்தில் மாற்றவில்லை. ஒரு பூஜ்யம் விட்டுப்போயிற்று.

விளைவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இடப்பக்கம் பத்தாயிரத்தின் வர்க்கம், 100 மில்லியன். வலப்பக்கம் ஆயிரத்தின் வர்க்கம், ஒரு மில்லியன். இடப்பக்கம் நூறு மடங்கு பெரிதாகிவிட்டது. அப்படியென்றால் உண்மையான பெருக்குத்தொகை நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் காவலர் "சரியாக இருக்கிறது, போகலாம்" என்று தலையாட்டுவார். நம் கிடங்குக்கு வாருங்கள். ஒருவர் ஒரு கிராம் அரிசியை உள்ளே போடுகிறார். 990 கிலோ சீனியை எடுக்கிறார். மீதி 10 கிலோ. ஆயிரமும் பத்தும் பெருக்கினால் பத்தாயிரம். இருக்க வேண்டியதோ ஒரு மில்லியன். ஆனாலும் அந்த வரி தடுக்காது.

2021 ஏப்ரல் 28ஆம் தேதி அதுதான் நடந்தது. ஏறத்தாழ 50 மில்லியன் அமெரிக்க வெள்ளி மதிப்புள்ள நாணயங்கள் குளங்களிலிருந்து போய்விட்டன.

இதே ஏப்ரல் மாதத்தில் அதே சங்கிலியில் பான்கேக்ஸ்வாப் என்ற இன்னொரு செயலியும் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. அவர்களும் யூனிஸ்வாப் நிரலிலிருந்து வந்தவர்கள்தான். கட்டணத்தை 0.25 விழுக்காடு ஆக்க, அவர்களும் பத்தாயிரத்துக்கு மாறினார்கள். மூன்று இடங்களிலும் மாற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு குழுவும் செய்தது ஒரே வேலை. வித்தியாசம் ஒரு பூஜ்யம் மட்டுமே.

யுரேனியம் நிரலை எழுதியவரை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் இந்தத் தொழிலில் இருப்பவன். ஒரே எண்ணைப் பல இடங்களில் எழுதி வைத்தால் என்றாவது ஒருநாள் ஒன்றை மறப்போம். அந்த நாளில் நமக்குத் தூக்கம் போதாமல் இருந்திருக்கும், அல்லது மாலைக்குள் வெளியிட வேண்டும் என்று யாராவது தொலைபேசியில் நெருக்கியிருப்பார்கள்.

"சோதித்துப் பார்க்கவில்லையா, ஐயா?"

நிகழ்ச்சி நடத்துநர் இந்த இடத்தில் குறுக்கிட்டு இப்படிக் கேட்டார். நல்ல கேள்வி.

சோதித்திருக்கலாம். ஆனால் எதைச் சோதித்தார்கள் என்பதுதான் கேள்வி. சாதாரண வாடிக்கையாளர் செயலியைத் திறந்து பொத்தானை அழுத்தும்போது, அவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைத் துணை நிரல் ஒன்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த அளவை மட்டும் கிடங்கிடம் கேட்கும். நேர்மையான ஆள் நேர்மையான அளவைக் கேட்கிறார், கிடைக்கிறது. காவலர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆயிரம் முறை சோதித்தாலும் ஆயிரம் முறையும் வெற்றிதான். திருடன் அந்தத் துணை நிரல் பக்கமே வருவதில்லை. நேராகக் கிடங்கின் கதவுக்குப் போய், தனக்கு வேண்டியதைக் கேட்பான்.

ஆகவே சோதனை என்றால், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறதா என்று மட்டும் பார்க்கக் கூடாது. கொடுக்கக் கூடாததைக் கேட்டால் மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியான அளவைவிட ஓர் அலகு கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள். பரிமாற்றம் ரத்தாக வேண்டும். ரத்தாகவில்லை என்றால் ஏதோ தவறு. யுரேனியத்தில் இந்த ஒரு சோதனை போதுமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

சரி, நிரலை எப்படி ஒழுங்குபடுத்துவது? ஒழுங்குபடுத்துவது என்றால், நிரல் செய்யும் வேலையை மாற்றாமல், எழுதியிருக்கும் விதத்தை மட்டும் சீராக்குவது. வீட்டில் சாமான்களைக் கலைத்து அடுக்குவதுபோல. சாமான் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

யூனிஸ்வாப் இரண்டாம் பதிப்பையே எடுத்துக்கொள்வோம். கிடங்கின் நிரலில் ஆயிரம் மூன்று இடத்தில் என்றேன். தொகையை முன்கூட்டிக் கணக்கிடும் துணை நிரலில் ஆயிரம் இன்னும் இரண்டு இடத்திலும், ஆயிரத்திலிருந்து மூன்று கழிந்த 997 இரண்டு இடத்திலும் வருகின்றன. இது போதாதென்று கட்டணத்துக்குத் தொடர்பே இல்லாத இன்னோர் ஆயிரமும் கிடங்கின் நிரலில் உண்டு. குளத்தை முதன்முதலில் திறக்கும்போது நிரந்தரமாகப் பூட்டி வைக்கப்படும் மிகச் சிறிய பங்கின் அளவு அது. 10இன் மூன்றாம் அடுக்கு என்று எழுதியிருப்பார்கள். நம் விடுதியின் 6 முட்டை ஞாபகம் வருகிறதா?

எனவே எண்ணைத் தேடி எண்ணை மாற்றுவது ஆபத்து. முதலில் எண்ணுக்குப் பெயர் வைக்க வேண்டும். கட்டண விகிதம் என்று ஒரு பெயர், கட்டணத்தின் அடிமானம் என்று ஒரு பெயர், பூட்டி வைக்கும் பங்கு என்று வேறொரு பெயர். நிரலின் மற்ற இடங்களில் எண் வரவே கூடாது, பெயர் மட்டுமே வர வேண்டும். 997 என்பதைக்கூட எழுதக் கூடாது. அடிமானத்திலிருந்து விகிதத்தைக் கழி என்று எழுதினால் போதும். பிறகு பத்தாயிரத்துக்கு மாற வேண்டும் என்றால் ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறிவிடும்.

பெயருடன் அளவையும் சொல்லிவிடுவது நல்லது. 0.3 விழுக்காட்டை ஆயிரத்துக்கு 3 என்று ஒருவர் எழுதுவார். பத்தாயிரத்துக்கு 30 என்று இன்னொருவர் எழுதுவார். 2021இல் வந்த யூனிஸ்வாப் மூன்றாம் பதிப்போ மில்லியனுக்கு 3000 என்று எழுதுகிறது. மூன்றும் ஒன்றுதான். ஆனால் 30 என்று வந்த எண்ணை 3000 எதிர்பார்க்கும் நிரலிடம் கொடுத்தால், கட்டணம் நூறில் ஒரு பங்காகிவிடும். கஜத்தில் அளந்த துணியை மீட்டரில் தைத்த கதை.

இதில் நான் பிடிவாதமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. நிரலை ஒழுங்குபடுத்தும் நாளில் விகிதத்தை மாற்றாதீர்கள். விகிதத்தை மாற்றும் நாளில் நிரலை ஒழுங்குபடுத்தாதீர்கள். முதலில் பழைய 0.3 விழுக்காட்டையே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அடுக்குங்கள். பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் ஒரே கேள்விகளைக் கொடுங்கள். பெரிய தொகை, சிறிய தொகை, ஒரே ஓர் அலகு, கிடங்கில் இருப்பதைவிடப் பெரிய தொகை. இரண்டும் கடைசி இலக்கம் வரை ஒரே விடையைச் சொல்ல வேண்டும், மறுக்க வேண்டிய இடத்தில் இரண்டும் மறுக்க வேண்டும். அது முடிந்தபிறகு, வேறொரு நாளில் விகிதத்தை மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் விடை மாறும்போது அது நாம் விரும்பிய மாற்றமா, தெரியாமல் நுழைந்த பிழையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தால், அந்த ஒரே இடம் தவறாக இருந்தால்? கணக்கிடுபவரும் காவலரும் ஒரே தவறான எண்ணைப் பார்த்து ஒருவருக்கொருவர் ஆமாம் போடுவார்கள். கணக்குப்பிள்ளையே தணிக்கையாளராக இருக்கும் சங்கம் மாதிரி. ஆகவே எண்ணைப் பகிரலாம், ஆனால் சோதனையைப் பகிரக் கூடாது. கட்டணத்தை அறவே மறந்துவிட்டு, கிடங்கின் அசல் பெருக்குத்தொகை முன்பைவிடக் குறைந்ததா என்று மட்டும் பார்க்கும் தனிச் சோதனை ஒன்று வேண்டும். அதற்கு ஆயிரமும் தேவையில்லை, பத்தாயிரமும் தேவையில்லை. யுரேனியத்தில் ஒரு மில்லியன் பத்தாயிரமாகச் சுருங்கியதை அது உடனே பிடித்திருக்கும்.

கடையின் நிரலில் பிழை வந்தால் இரவோடு இரவாகத் திருத்திவிடலாம். இங்கே அப்படியில்லை. யூனிஸ்வாப் இரண்டாம் பதிப்பு போன்ற கிடங்கின் நிரலைச் சங்கிலியில் பதித்துவிட்டால் அதை யாராலும் மாற்ற முடியாது, எழுதியவராலும் முடியாது. திருத்த வேண்டுமென்றால் புதிய கிடங்கு கட்டி, பழையதில் உள்ளவர்களை ஒவ்வொருவராகக் குடிபெயரச் சொல்ல வேண்டும். அதனால் அடுக்கும் வேலையெல்லாம் பதிப்பதற்கு முன்பே முடிய வேண்டும்.

சில்லறை எந்தப் பக்கம் போகிறது?

முழு எண்கள் மட்டும்தான் என்றால் வகுக்கும்போது மீதம் வருமே, அது யாருக்கு? யூனிஸ்வாப் இதில் கவனமாக இருக்கிறது. "இவ்வளவு போடுகிறேன், எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டால், விடையைக் கீழ்நோக்கி வெட்டுகிறது. "இவ்வளவு வேண்டும், எவ்வளவு போட வேண்டும்?" என்று கேட்டால், விடையுடன் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறது. இரண்டிலும் சில்லறை கிடங்கின் பக்கமே விழும். அந்த "ஒன்றைக் கூட்டு" என்ற சின்னத் துணுக்கைப் பார்க்கும் புதிய நிரலாளர், இது எதற்கு என்று நினைத்து அழித்துவிடக் கூடும். ஒழுங்குபடுத்தும்போது அடிக்கடி பலியாவது இந்த மாதிரித் துணுக்குகள்தான்.

நம் நாட்டில் 2008 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் ஒரு சென் நாணயத்தை விட்டுவிட்டு, ரொக்கப் பட்டியலை 5 சென்னுக்கு முழுமையாக்குகிறோம். கவனித்தீர்களா? பட்டியலின் மொத்தத்தை மட்டுமே முழுமையாக்குகிறார்கள், ஒவ்வொரு பொருளின் விலையையும் அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் 2 சென் நம் பக்கம் விழும்படி செய்ய முடிந்தால், ஐம்பது பொருளைத் தனித்தனியாக வாங்கி ஒரு வெள்ளி சம்பாதித்துவிடலாம். கணினி அந்த வேலையைச் சலிக்காமல் செய்யும். 2025 நவம்பர் 3ஆம் தேதி பேலன்சர் என்ற பெரிய செயலியின் இரண்டாம் பதிப்பில் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. முழுமையாக்கும் திசையில் இருந்த ஒரு நுண்ணிய பிழையை, ஒரே நடவடிக்கைக்குள் பல சிறு பரிமாற்றங்களைக் கோத்துப் பெருக்கி, 100 மில்லியன் அமெரிக்க வெள்ளிக்கும் மேல் எடுத்துவிட்டார்கள். பலமுறை தணிக்கை செய்யப்பட்ட, பல ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்த நிரல் அது.

அதே பேலன்சரில் 2020 ஜூன் 28ஆம் தேதி இன்னொரு வகைச் சம்பவம். சில நாணயங்கள், ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போதே தாமாக ஒரு கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். எஸ்டிஏ என்ற நாணயம் ஒவ்வொரு முறையும் ஒரு விழுக்காட்டைப் பிடித்தது. 100 அனுப்பினால் 99 மட்டுமே வந்து சேரும். கிடங்கின் நிரலோ 100 வந்ததாக எழுதிக்கொண்டது. திரும்பத் திரும்ப மாற்றி, ஏட்டில் உள்ளதற்கும் பெட்டியில் உள்ளதற்கும் இடைவெளியை விரித்து, சுமார் அரை மில்லியன் அமெரிக்க வெள்ளியைக் கொண்டுபோனார்கள். யூனிஸ்வாப் இரண்டாம் பதிப்பு, அனுப்பியவர் சொல்வதை நம்பாமல் பெட்டியைத் திறந்து எண்ணுகிறது என்று சொன்னேனே, அந்த வழக்கம் இந்தச் சிக்கலுக்கும் சேர்த்து மருந்தாகிறது.

ஒரு கட்டணமா, நான்கா?

வாடிக்கையாளர் பார்ப்பது ஒரு தொகை. உள்ளே நான்கு இருக்கலாம். சரக்கு போட்டவர்களுக்குப் போகும் குளக் கட்டணம் ஒன்று. அதிலிருந்து அமைப்புக்கு எடுக்கப்படும் பங்கு ஒன்று. செயலியை நடத்தும் நிறுவனம் தனக்கென்று வாங்கும் கட்டணம் ஒன்று. சங்கிலியில் பதிவு செய்வதற்கான கட்டணம் ஒன்று. கடைசியாகச் சொன்னது தொகையைப் பொறுத்ததே அல்ல, கணினி செய்யும் வேலையைப் பொறுத்தது. 20 வெள்ளியை மாற்றினாலும் 20,000 வெள்ளியை மாற்றினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். இதைப் போய் விழுக்காட்டுக் கணக்கோடு கலந்து எழுதியிருக்கும் நிரல்களைப் பார்த்தால் தலை வலிக்கும்.

அமைப்பின் பங்கு என்றேன். யூனிஸ்வாப் இரண்டாம் பதிப்பில் கட்டணத்தின் ஆறில் ஒரு பங்கை, அதாவது 0.3இல் 0.05ஐ, அமைப்புக்குத் திருப்பும் விசை 2020லேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் அணைத்தே வைத்திருந்தார்கள். 2025 டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்தித்தான் அதைப் போட முடிவு செய்தார்கள். அறுந்து கிடக்கும் கம்பி என்று நினைத்து யாராவது இடையில் அந்த வரிகளை நீக்கியிருந்தால்? ஓடாத நிரலும் ஒருநாள் ஓடும் என்பதை நினைத்துத்தான் அடுக்க வேண்டும். நிறுவனத்தின் கட்டணம் இன்னும் வேறுமாதிரி. அது 2023 அக்டோபரில் 0.15 விழுக்காடாக வந்தது. குளத்தின் நிரலில் அல்ல, நிறுவனம் நடத்தும் செயலியில். நேராகக் கிடங்கின் கதவுக்குப் போனவர் அதைக் கட்ட வேண்டியிருக்கவில்லை.

அரங்கில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து, "தம்பி, நிரல் எழுதுகிறவர்களுக்குச் சொன்னீர்கள். என் மகன் இதில் பணம் போட்டு வைத்திருக்கிறான். அவன் எதைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்டார்.

அம்மா, மாற்றும்போது கட்டண விழுக்காட்டைப் பார்ப்பதைவிட, கடைசியில் கைக்கு எவ்வளவு வரும், குறைந்தபட்சம் எவ்வளவுக்குக் கீழ் வந்தால் பரிமாற்றம் ரத்தாகும் என்ற இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். செயலிகள் அதைக் காட்டும். ஆனால் குளத்தில் பணத்தைப் போட்டு வைப்பது வேறு. "புகழ்பெற்ற நிரலை அப்படியே எடுத்திருக்கிறோம், கட்டணத்தை மட்டும்தான் குறைத்திருக்கிறோம்" என்று யாராவது சொன்னால், அந்த "மட்டும்தான்" என்ற சொல்லில் கவனம் வைக்கச் சொல்லுங்கள். மூல நிரலுக்குக் கிடைத்த தணிக்கைச் சான்று, மாற்றிய நிரலுக்குச் செல்லாது.

"அந்த ஐம்பது மில்லியன் திரும்பக் கிடைத்ததா?" என்று அவரே மறுபடியும் கேட்டார்.

முழுதாக இல்லை. சம்பவம் நடந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில், அமெரிக்க அதிகாரிகள் அதைச் சேர்ந்த சுமார் 31 மில்லியன் அமெரிக்க வெள்ளி மதிப்புள்ள நாணயங்களைக் கைப்பற்றியிருப்பதாக அறிவித்தார்கள். இழந்தவர்கள் தங்களைத் தொடர்புகொள்ளும்படியும் கேட்டுக்கொண்டார்கள். நிரல் மட்டும் இன்னும் அந்தச் சங்கிலியிலேயே இருக்கிறது. பதித்ததை மாற்ற முடியாது அல்லவா? மூன்றாவது ஆயிரம் அந்த வரியில் அப்படியே நிற்கிறது.